மருமகள் கேட்ட அடி

அன்புள்ள சரவணனுக்கு,

அம்மா எழுதிக்கொண்டது. இங்கு எல்லாரும் நலம். அப்பாவுக்கு முழங்கால் வலி கொஞ்சம் தேவலை, மாடி ஏறி இறங்குகிறார். மற்ற கதைகளை ஞாயிற்றுக்கிழமை போனில் வைத்துக்கொள்ளலாம். இது போனில் பேசித் தீராது என்றுதான் பேனாவை எடுத்தேன்.

உன் வீட்டுக்காரி தமிழுக்கென்று ஒரு நோட்டுப் போட்டிருக்கிறாளாமே. அதில் ‘அடி’க்கு மட்டும் ஒரு பக்கம் நிரம்பி அடுத்த பக்கத்துக்கும் ஓடிவிட்டதாம். “அத்தை, அடின்னா கையால அடிக்கிறதுதானே? வெயில் அடிக்குது, காத்து அடிக்குது, பெரியப்பா வீட்டுக்கு வெள்ளை அடிக்கிறார், அவர் பையன் டீ அடிக்கப் போறான், உங்க மகன் காலேஜ்ல கட் அடிச்சாராம். உங்க ஊர்ல யார் யாரை அடிக்கிறாங்கன்னே தெரியலை” என்கிறாள். உன்னைக் கேட்டதற்கு, “அது அப்படித்தான், கேட்டுக் கேட்டுப் பழகிடும்” என்றாயாம். ஏன் கண்ணு, ஆபீசில் யாராவது ‘இந்த புரோகிராம் ஏன் இப்படி நடக்குது’ என்று கேட்டாலும் இதைத்தான் சொல்வாயா?

கேட்டுப் பழகும்தான். நீயும் நானும் அப்படித்தான் பழகினோம். ஆனால் நாம் தொட்டிலிலிருந்து பழகினோம். அவள் புனேயில் பிறந்து வளர்ந்து, உனக்கு வாக்கப்பட்ட பிறகு கற்றுக்கொள்ள உட்கார்ந்திருக்கிறவள். அவளுக்கு ஒரு பிடி வேண்டும். இந்தச் சொல்லுக்கு அப்படி ஒரு பிடி இருக்கிறது என்பது என் கட்சி.

இதைப் பேச எனக்குக் கொஞ்சம் பாத்தியதையும் உண்டு. டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டில் சொல்லிக்கொடுத்தவள் பிழைத்ததே அடியில்தான். உனக்கு அந்த இடம் லேசாக நினைவிருக்கும். ரெமிங்டன் மிஷின்கள் வரிசையாக இருக்கும். புதிதாகச் சேர்ந்தவர்கள் ‘ஏ எஸ் டி எஃப் ஜி எஃப், செமிகோலன் எல் கே ஜே ஹெச் ஜே’ என்று நாள் முழுக்க அதையே தட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். டைப் அடிப்பது என்றால் அங்கே நிஜமாகவே அடிப்பது. விரல் கட்டையை அடித்தால் இரும்புக் கம்பி எழும்பி ரிப்பனை அடிக்கும், ரிப்பன் காகிதத்தில் பதியும். கை கனத்த பையன்கள் அடித்தால் முற்றுப்புள்ளி விழுந்த இடமெல்லாம் பொத்தலாகிவிடும். ஆங்கில ‘ஓ’ எழுத்து வட்டமாகக் கத்தரித்துக்கொண்டு உதிர்ந்தே போகும். தாளை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தால் யார் அடித்தது என்று சொல்லிவிடுவேன். வரி முடியப் போகிறது என்றால் மிஷின் தானாக டிங் என்று மணி அடிக்கும்.

ஆனால் அந்த இடத்துக்குப் பாதிப் பேர் டைப் அடிக்க வந்தார்கள், மீதிப் பேர் சைட் அடிக்க வந்தார்கள். ஊரறிந்த ரகசியம் அது. ஒரு பையன் குறிப்பிட்ட மிஷின்தான் வேண்டும் என்று அடம்பிடித்தால், எதிர் வரிசையில் அந்த நேரத்துக்கு எந்தப் பெண் உட்காருகிறாள் என்று பார்த்தால் போதும், விஷயம் விளங்கிவிடும். ‘கண் அடிச்சான் டீச்சர்’ என்று ஒருத்தி வருவாள். ‘நேத்துப் போகும்போது கமெண்ட் அடிச்சாங்க’ என்று இன்னொருத்தி. அந்த வீரர்களோ கிளாசைக் கட் அடித்துவிட்டு, எதிரே பெட்டிக்கடையில் டீ அடித்து, தம் அடித்து, மணிக்கணக்காக அரட்டை அடித்துக்கொண்டிருப்பார்கள். என் தலையைப் பார்த்ததும் ஒரு சல்யூட் அடிப்பார்கள்.

இத்தனை அடியில் மிஷின் மேல் விழுந்தது ஒன்றுதான் உண்மையான அடி. மற்றதில் யாரும் கை ஓங்கவில்லை. என்ன காரியம் என்பதைப் பக்கத்தில் நிற்கிற சொல் சொல்லிவிடுகிறது: டீ, தம், அரட்டை, சைட். அதை என்ன தோரணையில் செய்தார்கள் என்பதை அடி சொல்கிறது. சட்டென்று, ஒரே மூச்சாக, கொஞ்சம் குஷியோடு, பல நேரம் பெரியவர்களைக் கேட்காமல். அவள் நோட்டில் முதல் வரியாக இதை எழுதிக்கொள்ளச் சொல்.

நம்பிக்கை வரவில்லை என்றால் ‘பண்ணு’ வைத்துச் சோதித்துப் பார்க்கலாம். இப்போது உங்கள் வயதுக்காரர்கள் எதற்கெடுத்தாலும் பண்ணு சேர்க்கிறீர்கள். டைப் பண்ணு, கால் பண்ணு, மெசேஜ் பண்ணு. எனக்கு அது காது கூசும், அது வேறு. ஆனால் பண்ணு வந்த பிறகும் அடி ஏன் சாகவில்லை? காப்பி பண்ணுவது என்றால் ஆபீசில் ஒரு ஃபைலை இன்னொரு இடத்தில் போடுவது. மேனேஜரே பண்ணச் சொல்வார். காப்பி அடிப்பது என்றால் பரீட்சை ஹாலில் மாட்டிக்கொள்ளும் காரியம். கட் பண்ணினால் கேக், இல்லை என்றால் போன். கட் அடித்தால் வகுப்பு. உன் போட்டோவுக்குக் கீழே உன் அத்தை ‘அழகு’ என்று எழுதினால் கமெண்ட் பண்ணினாள் என்போம். குட்டிச்சுவரில் உட்கார்ந்து போகிற வருகிறவர்களைப் பற்றிச் சொன்னால்தான் கமெண்ட் அடிப்பது. அதே இங்கிலீஷ் வார்த்தைதான். பண்ணு வந்தால் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு ஆபீசுக்குப் போகிறது, அடி வந்தால் மடித்துக் கட்டிக்கொண்டு தெருமுனைக்குப் போகிறது. சைட் பண்ணினான் என்று யாராவது சொல்லிக் கேட்டிருக்கிறாயா? சொல்லவே வராது. குறும்பு இல்லாமல் அந்தக் காரியம் இல்லை.

குடிக்கிற சமாசாரத்திலும் இதே கணக்குத்தான். தண்ணீர் குடிக்கலாம், பால் குடிக்கலாம், மோர் குடிக்கலாம். அடிக்க முடியாது. ‘தண்ணி அடிச்சான்’ என்றால் அது தண்ணீரே இல்லை. சாதாரணத் தண்ணீரை அடிப்பது கைப்பம்பில் மட்டும்தான். குடம் வைத்துத் தண்ணி அடித்த காலத்தில் எங்கள் தெருப் பெண்களே அந்த வார்த்தையைச் சொல்லிச் சிரித்துக்கொள்வோம். சரக்கு அடிப்பது, பீர் அடிப்பது எல்லாம் அந்த வகை. டீ நடுவில் நிற்கிறது. விருந்தாளிக்கு ‘டீ சாப்பிடுறீங்களா’ என்றுதான் கேட்க வேண்டும். ‘வாடா, ஒரு டீ அடிக்கலாம்’ என்பது சேக்காளிகளுக்குள். இந்த வித்தியாசத்தை அவளுக்குத் தெளிவாகச் சொல்லிவை. போன தடவை உன் பெரியப்பாவிடம், ‘மாமா, டீ அடிச்சீங்களா?’ என்று கேட்டுவிட்டாள். மனுஷன் கோபித்துக்கொள்ளவில்லை, விழுந்து விழுந்து சிரித்தார். ஆனாலும் எல்லாரும் அவர் மாதிரி இருக்க மாட்டார்கள்.

மருந்து ஒன்றில் மட்டும் ஜாக்கிரதையாக இருக்கட்டும். காய்ச்சலுக்கு மருந்து சாப்பிடுவோம். மருந்து அடிப்பது வயலில், பூச்சிக்கு. ‘மருந்து குடிச்சேன்’ என்று நம் ஊர்ப் பக்கம் சொன்னால் கேட்டவர்கள் பதறிப்போய் வண்டி எடுக்க ஓடுவார்கள். அந்தச் சொல்லுக்கு இங்கே அப்படி ஒரு பொருள் ஏறிக் கிடக்கிறது.

இதுவரை சொன்னது நாம் அடிக்கிற அடி. அவள் நோட்டில் பாதி வேறு ஜாதி: நம் மேல் வந்து அடிக்கிற அடி. வெயில் அடிக்கும், காற்று அடிக்கும், சாரல் அடிக்கும், நாற்றம் அடிக்கும், காய்ச்சல் அடிக்கும், ஷாக் அடிக்கும், யோகம் அடிக்கும். இங்கே அடிக்கிறவர் என்று ஒருவரும் கிடையாது. வந்தது, பட்டது, அவ்வளவுதான். அதனால்தான் ‘எனக்குப் போர் அடிக்குது’ என்கிறோம். ‘நான் போர் அடிக்கிறேன்’ என்றால் நான் மற்றவர்களை அறுக்கிறேன் என்று ஆகிவிடும். ‘எனக்கு’ வந்தால் என் மேல் விழுகிறது, ‘நான்’ வந்தால் நான் செய்கிறேன். இது ஒன்று பிடிபட்டால் பக்கத்தில் பாதி தெளிந்துவிடும். அதிலும் மழைக்கு அடி அவ்வளவாக ஒட்டாது, மழை பெரும்பாலும் பெய்யத்தான் செய்யும். சாய்வாக வந்து திண்ணையை நனைத்தால் சாரல் அடிக்கிறது. ஆடி மாதம் பாலக்காட்டுக் கணவாய் வழியே கோயம்புத்தூருக்குள் காற்று அடிக்கும்போது அவளைக் கூட்டிக்கொண்டு வா, அடிப்பது என்றால் என்ன என்று உடம்புக்கே தெரியும்.

போர் என்றதும் இன்னொன்று. இது இங்கிலீஷிலிருந்து வந்த போர். ஆனால் நம்மிடம் அதற்கும் முன்னாலேயே ஒரு போரடி இருந்தது. அறுத்த கதிரைக் களத்தில் அடித்து, போராகக் குவித்து, மாட்டை விட்டு மிதிக்க வைத்து நெல்லைப் பிரிப்பது. மாடு கட்டிப் போரடித்தால் முடியாது என்று யானை கட்டிப் போரடித்தார்களாம் மதுரையில், விளைச்சல் அத்தனை என்று பழைய பாட்டு ஒன்று பெருமை பேசும். உன் தாத்தாவுக்கு முதல் முறை யாரோ ‘போர் அடிக்குது’ என்று சொன்னபோது, ‘இந்த மாசத்துல எவன்டா போரடிக்கிறான்?’ என்று கேட்டாராம். உன் அப்பா சொல்வார், எவ்வளவு நிஜமோ தெரியாது. அவர் கொஞ்சம் அடித்து விடுகிற ஆள்தான்.

பார், ‘அடித்து விடுவது’ வந்துவிட்டது. அவளுக்கு இது ரொம்பப் பிடிக்கும் என்று நினைக்கிறேன். ‘அடிச்சு விடுறான்’ என்றால் வாய்க்கு வந்ததைக் கூசாமல் சொல்கிறான். ‘அடிச்சுச் சொல்றான்’ என்றால் சந்தேகமே இல்லாமல், சத்தியமாகச் சொல்கிறான். ஒரே அடி, பின்னால் வருகிற வினை மாறியதும் பொய் மெய்யாகிவிட்டது. ‘அடிச்சுப் பிடிச்சு’ வந்தேன் என்றால் விழுந்தடித்துக்கொண்டு, கடைசி நிமிஷத்தில் ஓடி வந்து சேர்ந்தேன். ‘அவனை அடிச்சுக்க ஆளே இல்லை’ என்பது பாராட்டு. ‘தலைப்பாடா அடிச்சுக்கிட்டேன்’ என்பது புலம்பல். படித்துப் படித்துச் சொல்லியும் கேட்காத பிள்ளையைப் பற்றித் தாய்மார்கள் சொல்வது. அதற்கு உதாரணம் தேடி வெளியே போக வேண்டாம், நீ ஹாஸ்டலில் இருந்த காலத்தை நினைத்துக்கொள். கதையிலும் இப்படி ஒரு ஜோடி உண்டு. கதை அடிப்பது சும்மா பேசிக்கொண்டிருப்பது. கதை விடுவது புளுகுவது. ‘நேத்து ராத்திரி பூரா கதை அடிச்சுட்டு இருந்தோம்’ என்று அவள் சொல்லலாம், தப்பில்லை.

எந்தச் சொல்லோடு எந்த வினை சேரும் என்பதற்கு முழு விதி என்னிடமும் இல்லை. சல்யூட் அடிக்கிறோம், கும்பிடு போடுகிறோம். பள்ளிக்கூடத்தைக் கட் அடிப்போம், மட்டம் என்றால் போடுவோம். முகத்துதி செய்வதற்கு நம் ஆட்கள் கண்டுபிடித்து வைத்திருப்பதைப் பார்த்தால் சிரிப்பு வரும். ஐஸ் வைப்பார்கள், சோப்புப் போடுவார்கள், காக்கா பிடிப்பார்கள், ஜால்ரா அடிப்பார்கள். காரியம் ஒன்று, வினை நாலு. மாற்றிப் போட்டு ‘மேனேஜருக்குக் காக்கா அடிச்சேன்’ என்றாளானால் பறவையைக் கொன்றதாக ஆகிவிடும். இங்கே நீ சொன்ன ‘கேட்டுப் பழகு’ சரிதான், ஒப்புக்கொள்கிறேன். ஜால்ராவுக்கு மட்டும் காரணம் சொல்லலாம். அது தட்டுகிற வாத்தியம், பாடுகிறவருக்குப் பின்னால் நின்று அடிப்பது. தம்பட்டமும் அப்படியே. பறை மாதிரித் தோல் கட்டிய கருவி, சேதி சொல்ல அடித்தது. இப்போது தம்பட்டம் அடிக்கிறவன் கையில் ஒன்றும் இருப்பதில்லை, வாய்தான் வேலை செய்கிறது.

அப்படி, சாமான் போய்ச் சொல் மட்டும் நின்றுவிடுவது எனக்குப் பிடித்த விஷயம். தந்தி அடிப்பது என்று ஒன்று இருந்தது. தந்திச் சேவகன் சைக்கிளில் வந்தாலே வீட்டில் பெண்கள் சேதி கேட்கும் முன்பே அழத் தொடங்கிவிடுவார்கள். 2013 ஜூலையில் இந்தியாவில் தந்திச் சேவையையே மூடிவிட்டார்கள். ஆனால் மார்கழிக் குளிரில் ஊட்டிக்குப் போய்ப் பார், இன்றும் பல் தந்தி அடிக்கும். கட்டுக்கடகட என்று அந்தக் கருவி போட்ட சத்தத்தைக் கேட்டவன் எவனோதான் முதலில் அதைச் சொல்லியிருக்க வேண்டும். லாட்டரிச் சீட்டும் அதே கதை. தமிழ்நாட்டில் 2003-இல் தடை செய்துவிட்டார்கள். வாளையாறு தாண்டினால் கேரளாவில் விற்கிறார்கள், அது வேறு. இங்கே சீட்டையே கண்ணால் பார்க்காத பிள்ளைகள் கூட ‘உனக்கு லாட்டரி அடிச்சிருக்குடா’ என்கிறார்கள்.

பணம் பறிபோவதிலும் அடிதான் முன்னால் நிற்கிறது. கொள்ளை அடிப்பது பழைய சொல். கமிஷன் அடிப்பது, அதற்கு வேட்டி சட்டை போட்டுவிட்டது. பேப்பரில் ‘ஜேப்படி’ என்று வரும். அவள் அகராதியில் தேடித் தேடிக் கிடைக்கவில்லை என்றாள். அது ஜேப்பும் அடியும் சேர்ந்தது. ஜேப்பு நம் சொல் இல்லை, அவர்கள் பக்கத்துச் சொல்தான், அவளுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். மொட்டை அடிப்பது பழனியில் என்றால் வேண்டுதல், சந்தனம் பூசிக்கொண்டு குளிர்ச்சியாகத் திரும்பி வருவோம். சீட்டுக் கம்பெனியில் மொட்டை அடித்தார்கள் என்றால் போலீஸ் ஸ்டேஷன் வாசலில் கூட்டமாக நிற்போம். உன் சித்தி இரண்டும் அனுபவித்தவள், பாவம்.

சரி, நிஜமாக அடி விழுவதைப் பற்றியும் சொல்ல வேண்டுமல்லவா? ‘தர்ம அடி’ என்று ஒன்று எழுதி, பக்கத்தில் கேள்விக்குறி போட்டிருக்கிறாளாம். திருடனைப் பிடித்துக்கொண்டால் வருகிறவன் போகிறவன் எல்லாம் ஆளுக்கொன்று வைப்பார்கள். காசு வாங்காமல், சம்பந்தமே இல்லாமல் போடுகிற அடி, அதனால் தர்மம். இந்தப் பெயரை வைத்தவனின் கிண்டலை எந்த மொழியிலும் கொண்டு போக முடியாது. ஆனால் அந்தக் காரியம் எனக்கு ஒருபோதும் பிடித்ததில்லை. படம் ‘அடி வாங்கிடுச்சு’ என்றால் ஓடவில்லை. ஒருவர் பெயர் ‘அடிபடுது’ என்றால் அவருக்குக் காயம் இல்லை. பதவிக்கோ வழக்குக்கோ அவர் பெயரைப் பேசிக்கொள்கிறார்கள். ‘வயித்துல அடிக்காதே’ என்பது பிழைப்பைக் கெடுக்காதே என்று கெஞ்சுவது. ‘முகத்துல அடிச்ச மாதிரி’ பேசுவது உனக்குக் கைவந்த கலை.

அப்புறம், அவள் நோட்டில் ஒரு பெரிய குழப்பம். இரண்டு அடியை ஒன்றாகப் போட்டுவிட்டாள். அடிக்கிற அடி ஒன்று. கால், கீழ்ப்பகுதி என்று இன்னொரு அடி. இரண்டையும் தனித்தனிப் பக்கத்தில் எழுதச் சொல். மரத்தடி, அடிவயிறு, அடித்தட்டு, அடியோடு எல்லாம் இரண்டாவது. பால் ‘அடிப்பிடிச்சிடுச்சு’ என்றால் யாரும் யாரையும் பிடிக்கவில்லை, பாத்திரத்தின் அடியில் தீய்ந்துவிட்டது. துணி அளக்கிற, நிலம் அளக்கிற அடியும் காலிலிருந்து வந்ததுதான், 12 அங்குலம். 435.6 சதுர அடி சேர்ந்தால் ஒரு சென்ட். உங்கள் மனை விவகாரத்துக்கு அவளுக்கு அது உதவும். பாட்டில் வருகிற வரிக்கும் அடி என்றுதான் பேர். குறளுக்கு இரண்டே அடி, முதல் அடியில் நாலு சீர், அடுத்ததில் மூன்று. பத்தாவது குறளில் ‘இறைவன் அடிசேரா தார்’ என்று வருகிறது. அவள் அதைப் படித்துவிட்டு, கடவுள் அடிக்கிற இடத்துக்குப் போகாதவர்கள் என்று பொருள் எழுதி வைத்திருக்கிறாள். திருத்திவிடு. ஆனால் அந்தப் பக்கத்தைக் கிழிக்க வேண்டாம் என்று சொல், எனக்குப் பார்க்க வேண்டும்.

மூன்றாவதாக ஒரு அடி இருக்கிறது, அதுதான் அவளைப் பயமுறுத்தியிருக்கிறது. உன் சின்னப் பாட்டி அவளைப் பார்த்ததும் ‘அடிப்பாவி, இப்படி இளைச்சுட்டியேடி’ என்றாராமே. அடியும் பாவமும் சேர்ந்து வந்தால் யார்தான் பயப்பட மாட்டார்கள்? இது கூப்பிடுகிற சொல். பெண்களைப் பார்த்துச் சொல்லும் ‘அடி’, ‘அடியே’. இதில் கோபம் இருக்கலாம், ஆச்சரியம் இருக்கலாம், கொஞ்சலும் இருக்கலாம். குரலைக் கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். சின்னப் பாட்டி சொன்னது அத்தனையும் பாசம். அந்த அம்மாள் பிடிக்காதவர்களை ‘வாங்க, போங்க’ என்பார். ஆனால் இதைத் திருப்பி அவள் யாரிடமும் சொல்ல வேண்டாம். தோழிகளுக்குள்ளும் தனக்குச் சின்னவர்களிடமும்தான் செல்லும், அதுவும் நன்றாக நெருங்கிய பிறகு. ‘அடி தூள்’, ‘அடி சக்கை’ என்று குதிப்பது மட்டும் யாருக்கும் பொது. ஆண்பிள்ளைகள் கையில் அது ‘அட்ரா சக்கை’ ஆகிவிடும்.

இன்னொன்றும் அவளிடம் கேள். தமிழ்க்காரர்கள்தான் எதையெடுத்தாலும் அடிக்கிறார்கள் என்று சிரிக்கிறாளே, அவள் மராத்தியில் என்ன நடக்கிறதாம்? கல்யாணத்துக்கு வந்தபோது சம்பந்தியம்மா என் பக்கத்தில் உட்கார்ந்து ‘கப்பா மாரு’ என்று சொல்லிக்கொண்டிருந்தார். அரட்டை அடிப்பதுதான் அது. மாரணே என்றால் அடிப்பது. கண் அடிப்பது டோளா மாரணே. குதிப்பது உடீ மாரணே. எல்லாவற்றுக்கும் மேலே, கட்டிப்பிடிப்பதற்கு மிட்டீ மாரணே என்கிறார்கள். அணைப்பைக்கூட அடிக்கிறவர்கள் நம்மைப் பார்த்துச் சிரிக்கிறார்கள்! நாம் கட்டிப்பிடிக்கும்போது பிடிக்கத்தான் செய்கிறோம், அந்த மட்டும் நாம் தேவலை. நம் பக்கத்துத் தெலுங்குக்காரர்கள் கொட்டு என்பார்கள், கன்னடக்காரர்கள் ஹொடி என்பார்கள். காப்பி கொட்டு, லைன் ஹொடி எல்லாம் நம் இன்ஸ்டிடியூட் வாசலிலேயே கேட்டிருக்கிறேன். அவள் தன் பாஷையில் இதைச் சின்ன வயதிலிருந்து சொல்லிச் சொல்லி, அடியைக் காதில் வாங்குவதே இல்லை. நம் பாஷையில்தான் அது அவளுக்கு உறைக்கிறது. மராத்தியில் மாரணே வருகிற சொற்களைப் பக்கத்துப் பத்தியில் எழுதச் சொல். பாதிக்கு மேல் ஜோடி சேரும், மனப்பாடம் செய்கிற வேலை மிச்சம்.

அகராதி வேண்டும் என்றால் க்ரியாவின் தற்காலத் தமிழ் அகராதியை வாங்கிக் கொடு. முதலில் 1992-இல் வந்தது, 2020-இல் மூன்றாம் பதிப்பு வந்திருக்கிறது. இங்கிலீஷிலும் பொருள் இருக்கும் என்பதால் அவளுக்குச் சௌகரியம். சென்னைப் பல்கலைக்கழகத்தின் பழைய லெக்சிகன் பெரிய சமுத்திரம்தான், 1924 முதல் 1936 வரை 6 தொகுதியாக வந்தது. ஆனால் சைட் அடிப்பதை அதில் தேடிக்கொண்டிருக்கக் கூடாது. அதற்கு நீ இருக்கிறாய், பழைய அனுபவஸ்தன். அதையும் அவளிடம் விவரமாகச் சொல்லிவிடு, என்னிடம் அரைகுறையாகத்தான் கேட்டுத் தெரிந்துகொண்டாள்.

அவள் கேட்டதில் ஒன்று பாக்கி இருக்கிறது. ‘அடிக்கிற கலர்’ என்றால் என்ன என்று கேட்டாள். தீபாவளிக்கு நீ எனக்கு அனுப்பினாயே ஒரு ரோஸ் புடவை, அதுதான். அக்காவுக்குக் கொடுத்துவிட்டேன், அவளுக்கு நன்றாக இருக்கிறது. இந்தத் தடவை ஏதாவது வாங்குவதாக இருந்தால் உன் வீட்டுக்காரியையே எடுக்கச் சொல், நீ கடைக்குள் போகாதே.

பொங்கலுக்கு ரயிலில் டிக்கெட் போட்டாயா இல்லையா? போட்டதும் எனக்கு ஒரு போன் அடி. பண்ண வேண்டாம்.

அன்புடன்,
அம்மா